மளிகைக் கடையில் வேதத்தைக் கைக்கொள்வது எப்படி? தராசு, கூலி, கடன் நோட்டு

நாசரேத்து மளிகை கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சின்ன மளிகைக் கடை, இரண்டு வேலையாட்கள். காலையில் ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்த பிறகுதான் கல்லாவைத் திறப்பது. புதுவருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையும் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. ஆனால் பத்து மணிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டால் காலையில் வாசித்தது ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம் என்று ஆகிவிடுகிறது.

"ஜெபம் பண்ணுங்க, உண்மையா இருங்க" என்கிற பதில் வேண்டாம், அது தெரியும். கடையில் எந்த இடத்துக்கு எந்த வசனம், அதைக் கையால் எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது. எடை, கூலி, கடன் நோட்டு இந்த மூன்றும் முக்கியம். பீடி சிகரெட் பற்றியும், தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) விற்பனையிலா லாபத்திலா என்பது பற்றியும் ஒரு வரி சொல்லுங்கள்.

---

படிக்கல் எழுதியது:

அண்ணாச்சி, தராசில் இருந்தே ஆரம்பிப்போம். வேதம் கடைக்காரரைப் பற்றிப் பேசுகிற இடமெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

நீதிமொழிகள் 11:1: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." 'சுமுத்திரையான' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் ஊரில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் தராசுக்குப் போடுவதும் முத்திரைதான். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை, இரும்பு எடைக்கற்களுக்கு 24 மாதத்துக்கு ஒரு முறை மறுமுத்திரை போட வேண்டும். சான்றிதழைக் கடையில் பார்வையாக மாட்டியிருக்க வேண்டும். இடையில் மெக்கானிக் தராசைப் பிரித்துச் சரிசெய்தால் பழைய முத்திரை உடைந்துபோகும், தேதி பாக்கி இருந்தாலும் புதிதாகப் போட்டாக வேண்டும். "இன்னும் நாலு மாசம் இருக்கே" என்று பலர் விடுவது இங்கேதான்.

முத்திரை இருந்தால் மட்டும் போதாது. முத்திரை போட்ட 1 கிலோ இரும்புக் கல் ஒன்று தனியாக வாங்கி வையுங்கள். விற்க அல்ல, சோதிக்க மட்டும். காலையில் தராசைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டு, நீர்மட்டக் குமிழ் வட்டத்துக்குள் நிற்கிறதா என்று பார்த்து, பூஜ்யம் காட்டிய பிறகு கல்லைத் தட்டின் நடுவிலும் நாலு மூலையிலும் வைத்துப் பாருங்கள். நடுவில் சரியாகக் காட்டி மூலையில் மாறினால் உள்ளே எடையை உணரும் லோட் செல் பழுதாகியிருக்கலாம், அல்லது தட்டு சரியாக உட்காராமல் இருக்கலாம். புளி, வெல்லப் பிசுக்கு தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்தாலும் ஆட்டம் காட்டும். தட்டு பக்கத்து டப்பாவில் உரசினால் எடை குறைத்துக் காட்டும், நஷ்டம் உங்களுக்கு. மேலே மின்விசிறி ஓடினால் காற்று தட்டை அமுக்கும், நஷ்டம் வாங்குகிறவருக்கு. தராசுக்கு நேர் மேலே விசிறி வேண்டாம்.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். 30 கிலோ தராசு பெரும்பாலும் 5 கிராம் படியில்தான் நகரும். அந்த ரகத் தராசுக்குக் குறைந்தபட்ச எடை என்று ஒன்று உண்டு, படியைப் போல இருபது மடங்கு. அதாவது 100 கிராமுக்குக் கீழே அதில் நிறுக்கக் கூடாது. 25 கிராம் ஏலக்காயை அதில் போட்டால் இரண்டரை கிராம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும், அது பத்தில் ஒரு பங்கு. கிலோ மூவாயிரம் ரூபாய்ச் சரக்கில் ஏழரை ரூபாய். மிளகு, கிராம்பு, ஏலம் விற்கிற கடைக்கு 1 கிராமோ அதற்கும் நுணுக்கமாகவோ காட்டும் சின்னத் தராசு ஒன்று வேண்டும். வேண்டுமென்று செய்கிற ஏமாற்று இதில் இல்லை. ஆனாலும் கள்ளத்தராசுதான்.

பிறகு 'டேர்' பொத்தான். கவரையோ பெட்டியையோ வைத்து டேர் அமுக்கிவிட்டுச் சரக்கைப் போட வேண்டும். கிலோ 600 ரூபாய் இனிப்பை 50 கிராம் அட்டைப்பெட்டியோடு சேர்த்து நிறுத்தால் 30 ரூபாய்க்கு அட்டை விற்றிருக்கிறீர்கள்.

உபாகமம் 25:13-ல், பையிலே பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைத்திருக்க வேண்டாம் என்று வருகிறது. அந்தக் காலத்தில் எடை என்றால் கல். வியாபாரி பையில் போட்டுக் கொண்டு போவான். அன்றைய எடை அளவான ஒரு சேக்கல் ஏறக்குறைய பதினொன்றரை கிராம். வாங்கும்போது பெரிய கல், விற்கும்போது சின்னக் கல். இன்றைக்குப் பை கிடையாது, கடைக்குப் பின்னால் ஒரு பிளாட்ஃபாரத் தராசு, முன்னால் ஒரு மேசைத் தராசு. பனையேறிகளிடம் கருப்பட்டி வாங்குவது பின்னால், விற்பது முன்னால். ஒரே கல்லை இரண்டிலும் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் அதுதான் அந்தப் பை. சிப்பத்துக்கு இத்தனை கழிவு என்று கண்ணை மூடிக்கொண்டு கழிப்பதும் அதே கணக்குத்தான். ஓலையும் சாக்கும் எவ்வளவு எடை என்று நிறுத்துப் பார்த்து, அதை மட்டும் கழியுங்கள்.

பொட்டலம் போட்டு வைக்கும் சரக்கில் இன்னொன்று: புளியும் கருப்பட்டியும் இருக்க இருக்கக் காயும். திங்கள்கிழமை சரியாக 500 கிராம் போட்டது பத்து நாளில் சில கிராம் குறைந்திருக்கும். மொத்தமாகப் போடாமல் மூன்று நாள் விற்பனைக்கு மட்டும் போடுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். லூக்கா 6:38-ல் "அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி" அளக்கிறார்களே, படியால் அளந்த காலத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கிராம் கணக்கில் அதன் பொருள், சந்தேகம் வந்தால் அந்த ஐந்து கிராம் வாங்குகிறவர் பக்கம்.

வாக்குத்தத்த அட்டையை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் நீதிமொழிகள் 11:1-ஐ ஒரு தாளில் எழுதித் தராசின் பின்பக்கம், நிறுக்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒட்டுங்கள். வாடிக்கையாளர் பக்கம் ஒட்டினால் அது விளம்பரம்.

---

ஊழியன் 27 எழுதியது:

படிக்கல் சொன்னதோடு ஒரு வாசிப்பு முறையைச் சேர்க்கிறேன். சங்கீதத்தை விட வேண்டாம். கூடவே நீதிமொழிகளில் தேதிக்கு ஒரு அதிகாரம் வாசியுங்கள். 31 அதிகாரம், 31 நாள். அதிகார எண்ணும் தேதியும் ஒன்றாக வருவதால் கடை வேலையையும் அதிலேயே மாட்டிவிடலாம்.

3-ஆம் தேதி 3:28 வரும்: "உன்னிடத்தில் பொருள் இருக்கையில் உன் அயலானை நோக்கி: நீ போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே." அன்றைக்கு மொத்த வியாபாரிக்கும் பால்காரருக்கும் வைத்திருக்கிற பாக்கி பில்லை எடுத்துத் தீருங்கள். 11-ஆம் தேதி தராசுச் சோதனை, முத்திரைத் தேதி பார்ப்பது. அதே அதிகாரம் 26-ஆம் வசனம் தானியத்தைக் கட்டிவைக்கிறவனைப் பற்றியது. தட்டுப்பாடு வரும் என்று தெரிந்து எண்ணெயைப் பின்னறையில் அடுக்குகிறவர்களுக்கு அது. 20-ஆம் தேதி இரண்டு தராசையும் ஒப்பிடுவது (20:10). 20:14 கொள்முதல் பேரத்துக்கு: "கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்பான், போய்விட்டபின்போ மெச்சிக்கொள்ளுவான்." பனையேறியிடம் "சரக்கு கறுத்திருக்கு" என்று விலையை அடித்துவிட்டு, அதையே கடையில் முதல் தரம் என்று விற்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. 22-ஆம் தேதி கடன் நோட்டு. 27-ஆம் தேதி 27:23, ஆடுகளின் நிலைமையை நன்றாய் அறிந்துகொள் என்பது. நமக்கு ஆடு என்பது அலமாரி. காலாவதித் தேதி பார்ப்பது, முந்தி வந்த சரக்கை முன்னால் இழுத்து வைப்பது, மூட்டையின் அடியில் தங்கிய நொய்யைச் சலித்துக் குருணை என்றே சொல்லிக் குறைந்த விலைக்கு விற்பது. ஆமோஸ் 8:6 பதரை விற்றவர்களைப் பெயர் சொல்லாமல் திட்டுகிறது.

வசனத்தை மனதில் வைத்துக்கொள்ள முயன்றால் பத்து மணிக் கூட்டத்தில் நழுவத்தான் செய்யும். தேதியோடு ஒரு வேலையாகக் கட்டிவிட்டால் நழுவாது.

இனி கூலி. உபாகமம் 24:15 நேரத்தைக்கூடச் சொல்லிவிடுகிறது: வேலைசெய்த நாளில்தானே, பொழுது போகுமுன்னே. லேவியராகமம் 19:13-ன்படி கூலி விடியற்காலம் மட்டும் உங்களிடம் இருக்கக் கூடாது. காரணமும் அந்த உபாகம வசனத்திலேயே இருக்கிறது, "அவன் ஏழையும் அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான்." மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டத்து எஜமானும் சாயங்காலத்திலேயே கொடுக்கச் சொல்கிறான்.

வாரச் சம்பளம், மாதச் சம்பளம் பேசியிருந்தால் பேசிய நாள்தான் உங்கள் சூரிய அஸ்தமனம். சறுக்குவது எங்கே என்றால், சனிக்கிழமை கல்லாவில் இருக்கிற பணத்தில் கொடுக்கலாம் என்று நினைப்பதில். அன்றைக்கென்று மொத்த வியாபாரி வந்து நிற்பார், கல்லா காலியாகும், "திங்கள் தாரேன் தம்பி" என்று வாயில் வந்துவிடும். ஆள் ஒன்றுக்கு நாள் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கு தினம் 1,000 ரூபாயைக் கடை அடைக்கும்போது தனி உறையில் போட்டுவிடுங்கள். ஆறு நாளில் 6,000. அந்த உறையிலிருந்து வேறு எதற்கும் எடுக்கக் கூடாது, சில்லறை மாற்றக்கூட. விற்பனையில் பாதி யுபிஐ வழியாக வங்கிக்குப் போகிறது என்றால் வெள்ளிக்கிழமையே எடுத்து வையுங்கள்.

கொடுக்கும் நேரமும் முக்கியம். கடை அடைத்து இரவு பத்து மணிக்குக் கொடுத்தால் அந்த வீட்டில் அன்றைக்கு அரிசி வாங்க முடியாது. மாலை ஆறு மணிக்குக் கொடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் வாரம் எவ்வளவு பிடிப்பது என்று கொடுக்கும் அன்றே இரண்டு நோட்டில் எழுதி ஒன்றை அவர் கையில் கொடுங்கள். உடைந்த பாட்டில், காணாத பாக்கெட் என்று மனம் போனபடி பிடிப்பது யாக்கோபு 5:4 சொல்கிற "அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட" கூலிக்குள் வரும்.

---

கிருபை மட்டும் எழுதியது:

எல்லாம் நல்ல ஆலோசனை. ஆனால் நீங்கள் எடுக்கிற வசனத்தில் முக்கால்வாசி நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம். ரோமர் 6:14-ன்படி நாம் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்லவே. அன்பு ஒன்றே போதும் என்று புதிய ஏற்பாடு சொல்லும்போது முத்திரை, கிராம், தேதி என்று போனால் பரிசேயர் கணக்காகிவிடாதா? பன்றி இறைச்சி கூடாது என்ற கட்டளையை விட்டுவிட்டுத் தராசை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறோம்?

---

ஊழியன் 27 எழுதியது:

நியாயமான கேள்வி பிரதர். லேவியராகமம் 19-ஐ ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். 13-ஆம் வசனம் கூலி. 35, 36 தராசும் படியும். நடுவில் 18-ஆம் வசனம் என்ன தெரியுமா? "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக." இயேசு இரண்டாம் பிரதான கற்பனை என்று எடுத்தது அதைத்தான் (மத்தேயு 22:39). பிறனில் அன்புகூருவது என்றால் கையால் என்ன செய்வது என்று அதே அதிகாரம் முன்னும் பின்னும் சொல்லியிருக்கிறது. அன்பை மட்டும் வைத்துக்கொண்டு தராசை விட்டால், வியாபாரியின் அன்பு எங்கே தெரியும்?

உணவு பற்றிய கட்டளைகளைப் புதிய ஏற்பாடே தளர்த்திவிட்டது, மாற்கு 7:19-உம் அப்போஸ்தலர் 10-உம் இருக்கின்றன. கூலியை யாரும் தளர்த்தவில்லை. யாக்கோபு அதையே இன்னும் கடுமையாகச் சொல்கிறார். திருடுகிறவன் இனித் திருடாமல் இருக்கட்டும் என்று எபேசியர் 4:28.

பரிசேயர் கணக்கு என்றீர்களே, மத்தேயு 23:23-ஐ மளிகைக் கடைக்காரர் அவசியம் வாசிக்க வேண்டும். ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தி, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. சீரகத்தை எண்ணினார்கள் என்பதற்காகத் திட்டவில்லை. இதைச் செய்ய வேண்டும், அதையும் விடாதிருக்க வேண்டும் என்றுதான் அந்த வசனமே முடிகிறது. சீரகத்தில் பத்தில் ஒன்றைக் கோவிலுக்கு எண்ணி வைத்துவிட்டு, மீதி ஒன்பதைக் குறைத்து நிறுத்து விற்கிறவனைத்தான் அது பிடிக்கிறது.

தசமபாகம் கேட்டிருந்தாரே: உபாகமம் 14:22 வயலில் விளையும் பலனிலிருந்து பிரிக்கச் சொல்கிறது. நூறு ரூபாய்ச் சரக்கை நூற்றெட்டுக்கு விற்கிறவருக்குப் பலன் எட்டு ரூபாய், அதிலும் வாடகை, மின்சாரம், கூலி போக. மொத்த விற்பனையில் பத்தில் ஒன்று என்று போனால் மூன்று மாதத்தில் மொத்த வியாபாரிக்குக் கடன் சொல்ல வேண்டிவரும், அது நீதிமொழிகள் 3:28-ஐ மீறுவது. புதிய ஏற்பாட்டில் அளவை அவனவன் மனதில் நியமித்தபடி என்று விட்டிருக்கிறது (2 கொரிந்தியர் 9:7). எந்த முறையானாலும் கூலி உறைக்குப் பிறகுதான் காணிக்கை உறை.

---

முத்துநகர் எழுதியது:

எங்கள் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் சீராக்கின் ஞானம் என்று ஒரு நூல் உண்டு. அதில் 27:2 இந்த இழைக்குப் பொருத்தம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் முளை இறுகுவதுபோல, வாங்குவதற்கும் விற்பதற்கும் இடையில் பாவம் இறுகிக்கொள்ளும் என்கிற கருத்து. வியாபாரி கெட்டவன் என்று அது சொல்லவில்லை, அந்த இடுக்கு அப்படிப்பட்டது.

அந்த இடுக்கில் மாட்டுகிற சில்லறை விஷயங்கள்: இரண்டு ரூபாய் பாக்கிக்கு மிட்டாய் திணிப்பது. அவர் கேட்காமல் நீங்கள் விற்ற சரக்கு அது. கல்லாவில் சில்லறை இல்லையென்றால் நோட்டில் எழுதி அடுத்த முறை கழியுங்கள். குளிர்பானத்துக்குக் 'கூலிங் சார்ஜ்' என்று பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது. வரியெல்லாம் உட்பட்டதுதான் அந்த அதிகபட்ச விலை. யுபிஐயில் ஒருவர் தவறுதலாக இரண்டு முறை அனுப்பிவிட்டால், கேட்டு வரட்டும் என்று இருப்பது. உபாகமம் 22:1-3 காணாமற்போன ஆட்டைக் கண்டும் காணாதவன்போல் இருக்காதே என்கிறது. யார் அனுப்பியது என்று செயலியிலேயே இருக்கும், அன்று இரவே திருப்பி அனுப்பலாம்.

கருப்பட்டி விற்கிறீர்கள் என்றால் மத்தேயு 5:37, உள்ளதை உள்ளதென்று சொல்வது. சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் ஏராளம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, வேறு ஊர்ச் சரக்குக்கு அந்தப் பெயரை ஒட்டக் கூடாது. இரண்டும் விற்கலாம், இரண்டு டப்பாவில், இரண்டு விலையில், "இதில் சீனி இருக்கு" என்று வாயைத் திறந்து சொல்லி.

வேலையாட்கள் விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. 2021-இல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்து, கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆயிற்று. கொலோசெயர் 4:1-ல் எஜமான்கள் வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்ய வேண்டும் என்று இருப்பதற்குக் கூட்டமில்லாத நேரத்தில் ஒரு ஸ்டூல் என்பது மிகச் சின்ன விலை. ஓய்வுநாள் கட்டளையிலும் "உன் வேலைக்காரனானாலும், உன் வேலைக்காரியானாலும்" என்று சேர்த்தே வருகிறது. முதலாளி கோவிலுக்குப் போய்விட்டு, பையனைக் கடையில் உட்கார வைப்பது அந்தக் கட்டளையில் பாதிதான்.

---

நாசரேத்து மளிகை எழுதியது:

நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கடன் நோட்டு இன்னும் பாக்கி. "இன்று ரொக்கம் நாளை கடன்" என்று பலகை மாட்டினாலும் எங்கள் பக்கம் கடன் இல்லாமல் கடை ஓடாது. இன்னொரு கேள்வி: ஒரு தராசு கிலோவுக்கு 10 கிராம் கூட்டிக் காட்டிக்கொண்டு இருந்தது என்று தெரியவந்தால், திருத்துவதோடு சரியா? வாங்கிப் போனவர்கள் யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

படிக்கல் எழுதியது:

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். எண்ணாகமம் 5:7-ல் கணக்கே இருக்கிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். தெரியாமல் நடந்த தராசுப் பிழைக்கு அதைவிடக் குறைவில்லாமல் செய்தால் நல்லது. வரி வசூலித்த சகேயு நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் தருகிறேன் என்றது அவன் தெரிந்தே அநியாயமாய் வாங்கியதற்கு.

கணக்கு இப்படி. கடைசியாகத் தராசு சரியாக இருந்தது என்று உறுதியாகத் தெரிந்த நாள் எது? தினமும் கல் வைத்துச் சோதித்திருந்தால் நேற்று, இல்லையென்றால் முத்திரை போட்ட நாள். அன்றிலிருந்து எண்ணுங்கள். அந்தத் தராசில் நாளொன்றுக்கு 40 கிலோ போகிறது என்றால் குறைவு 400 கிராம், ஐந்தில் ஒன்று கூட்டினால் 480 கிராம். முப்பது நாளானால் 14 கிலோ 400 கிராம். கடன் நோட்டில் பெயர் இருக்கிறவர்களுக்கு அவரவர் வாங்கிய அளவுக்குத் தக்கபடி பாக்கியில் கழித்து, ஏன் கழிக்கிறோம் என்று சொல்லுங்கள். பெயர் தெரியாதவர்களுக்காகக் கடை வாசலில் எழுதி ஒட்டலாம், ஒரு வாரத்துக்கு. அதற்கும் யாரும் வராத பங்கு உங்களுடையது அல்ல. எண்ணாகமம் 5:8 வாங்கிக்கொள்ள உறவினன் இல்லாவிட்டால் அது கர்த்தருக்கு என்கிறது. அரிசியாகவே முதியோர் இல்லத்துக்கோ விதவைகளுக்கோ கொடுங்கள். சபையில் உங்கள் பெயர் வாசிக்கிற காணிக்கையாகப் போடாதீர்கள், அடுத்தவர் அரிசியில் உங்களுக்கு நல்ல பெயர் எதற்கு?

தினசரி ஐந்து நிமிடச் சோதனை ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். சோதிக்காத ஒவ்வொரு நாளும் இந்தக் கணக்கு நீளும்.

---

ஊழியன் 27 எழுதியது:

கடன் நோட்டு.

யாத்திராகமம் 22:25 சிறுமைப்பட்டவனுக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி சுமத்தாதே என்கிறது. உபாகமம் 23:20 அந்நியனிடம் வட்டிக்கு இடம் கொடுக்கிறது என்று வாதம் செய்வார்கள். வியாபாரத்துக்குக் கொடுக்கும் கடன் வேறு, வயிற்றுக்குக் கொடுக்கும் கடன் வேறு என்று பிரிக்கிறவர்களும் உண்டு, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மளிகைக் கடன் என்பது அரிசியும் எண்ணெயும். அது எந்தப் பக்கம் என்பதில் வாதமே கிடையாது.

வட்டி என்று நோட்டில் எழுதுகிற கடைக்காரர் அரிது. அது விலைக்குள் ஒளிந்திருக்கும். ரொக்கத்துக்கு 58, கடனுக்கு 62 என்று எழுதுவது, அல்லது கடன்காரருக்குத் தள்ளிப்போன சரக்கைக் கட்டுவது. எல்லாருக்கும் ஒரே விலை, ஒரே மூட்டை. விலையை அவர் கண் முன்னாலேயே எழுதி, சின்ன நோட்டு ஒன்றில் அவர் கையிலும் கொடுங்கள். சண்டையில் பாதி இரண்டாவது நோட்டு இல்லாததால் வருவது.

அளவு வையுங்கள். வாரக் கூலிக்காரருக்கு இரண்டு வாரச் செலவு, மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மாதச் செலவு, அதற்கு மேல் பழையது பாதி வந்த பிறகு. இது இரக்கமில்லாமை அல்ல. கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22:7 சொல்கிறது. திருப்பவே முடியாத அளவுக்கு ஏற்றிவிட்டால் அந்த வீட்டை அடிமையாக்குவது நாம்தான், அவர்களும் வெட்கப்பட்டு அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள். குடியில் கரைக்கிறவர் வீட்டுக்கு அரிசி பருப்பு மட்டும் கடன், அதுவும் வீட்டு அம்மா கையில்.

அடகாகக் குடும்ப அட்டையையோ ஏடிஎம் அட்டையையோ வாங்கி வைக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. திரிகைக் கல்லை அடகு வாங்காதே, "அது ஜீவனை அடகுவாங்குவதுபோலாகும்" என்கிறது உபாகமம் 24:6. அன்றைக்கு மாவு அரைக்கத் திரிகை, இன்றைக்கு ரேஷன் அரிசி வாங்க அட்டை. தொடவே கூடாது.

வசூலுக்கு 24:10, 11: அடகு வாங்க வீட்டுக்குள் போகாதே, வெளியே நில். மானத்தைக் காப்பாற்றுகிற கட்டளை அது. அவர் வீட்டில் விருந்தாள் இருக்கும்போது போகாதீர்கள், கடையில் நாலு பேர் முன்னால் தொகையைச் சொல்லாதீர்கள், வேலைக்காரப் பையனை அனுப்பாதீர்கள். சம்பள நாளுக்கு மறுநாள் நீங்களே வாசலில் நின்று இரண்டு நிமிடம் பேசுங்கள். எவ்வளவு, எப்போது என்று அவரையே சொல்லவிட்டு, அவர் முன்னாலேயே எழுதுங்கள்.

வராத கடன் வரத்தான் செய்யும். உபாகமம் 15 ஏழு வருஷத்துக்கு ஒரு முறை விடுதலை வைத்தது, விடுதலை வருஷம் நெருங்குகிறதே என்று கையை மூடிக்கொள்ளாதே என்று 9-ஆம் வசனத்தில் எச்சரித்தும் வைத்தது. வருஷக் கடைசியில் லாபத்தில் ஒரு பங்கை வராக்கடனுக்கென்று ஒதுக்குங்கள். உண்மையிலேயே முடியாத வீட்டை அதில் கழித்து, அடித்த பக்கத்தை அவருக்குக் காட்டுங்கள். மனதுக்குள் மன்னித்துவிட்டு நோட்டில் அப்படியே வைத்திருந்தால் உங்கள் மகன் ஒருநாள் போய்க் கேட்பான்.

---

முத்துநகர் எழுதியது:

பீடி சிகரெட்டை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். விற்பதா வேண்டாமா என்பதை ரோமர் 14:21 (சகோதரனுக்கு இடறலானதைச் செய்யாதே என்பது) வைத்து அவரவர் மனச்சாட்சி முடிவு செய்யட்டும், விற்காத கடையும் ஓடத்தான் செய்கிறது. ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கும், பள்ளி கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள்ளும் விற்பது சட்டப்படியே குற்றம். "அப்பாவுக்கு வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று பையன் வந்தால் வெறுங்கையோடு அனுப்புங்கள், அப்பா கோபித்துக்கொள்ளட்டும்.

---

நாசரேத்து மளிகை எழுதியது:

இரும்புக் கல்லுக்குச் சொல்லியாயிற்று. ஒரு சந்தேகம் மட்டும்: 50 கிலோ அரிசி மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே விற்கும்போது சாக்கு எடையை யார் கணக்கில் வைப்பது?

---

படிக்கல் எழுதியது:

ஆலை மூட்டையில் நிகர எடை 50 கிலோ என்று அச்சிட்டிருந்தால் அரிசி மட்டும் 50 இருக்க வேண்டும், சாக்கு அதற்கு மேல். பிளாஸ்டிக் சாக்கு லேசு, சணல் சாக்கு என்றால் அரை கிலோவைத் தாண்டும். லோடு இறங்கும்போது ஐந்து மூட்டையை நிறுத்துப் பாருங்கள். மொத்தம் சரியாக 50 காட்டினால் அரிசி குறைகிறது. அன்றே ஆலைக்குச் சொல்லிக் கழித்து வாங்குங்கள், அப்படியே வாடிக்கையாளர் தலையில் இறக்கிவிடாதீர்கள். காலி சாக்கை நிறுத்து அதன் எடையை மார்க்கர் பேனாவால் அதிலேயே எழுதி வையுங்கள், அடுத்த லோடுக்கு உதவும்.